அரை கிலோ

செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு
ஒத்தக்கடையிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள் ஷகிலா.
பையில் ரப்பர் பட்டைகள்.
மஞ்சள் லேசு, சிவப்பு கொஞ்சம் கெட்டி,
பச்சையை இன்னும் யாருக்கும் எடுத்ததில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரங்கட்டி
பதினோரு நாற்காலி.
"கையை ஊனாம எந்திரிங்க."
சொல்வது லேசு.
உட்கார்வதற்கும் நிற்பதற்கும் நடுவில்
ஒரு முழம் காற்று இருக்கிறது.
அதில் பாதி ஏறி விழுந்தேன் முதல் நாள்.
விழுந்தேன் என்றால், உட்கார்ந்தேன்.
இரண்டும் வேறாம்.
மெதுவாக இறங்கினால் அதுவும் பயிற்சிதானாம்.

கீழமாரட் வீதியில் முப்பது வருஷம்
வெங்காய மூட்டை இறக்கிய ஒச்சப்பனுக்கு
அரை கிலோ கொடுத்தாள்.
ரோஸ் கலர், பொம்மை மாதிரி.
எடை குறைத்த கடைக்காரனைப் பார்ப்பதுபோல
அதைப் பார்த்தார்.
"என்ன தாயி, தராசுப் படிக்கல்லா?"
ஏழாவது தூக்கலில் முழங்கை நடுங்கியது.
மடியில் வைத்துக்கொண்டு
ஜன்னல் பக்கம் திரும்பி
யானைமலையையே பார்த்திருந்தார்,
மற்றவர்கள் பன்னிரண்டு எண்ணி முடிக்கும்வரை.
அப்புறம் இரண்டு வாரம் அறையைவிட்டு வரவில்லை.

என் கையின் கதை வேறு.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம்.
பலகையில் குழி குழியாக ஊர்கள்,
போடி, கம்பம், சிவகாசி.
வயரை இழுத்துச் செருக வேண்டும்.
அடியில் ஒரு குண்டு தொங்கும்,
கை தளர்ந்தால் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.
ஜன்னல் கம்பியில் மஞ்சள் பட்டையை மாட்டி இழுத்தேன்.
அதே குண்டு.
"லைன்ல இருங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
பாக்கியசீலி சிரித்த சிரிப்பில்
எண்ணிக்கை தப்பி
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

சுவரில் ஒட்டியிருக்கிறது, எதிர்ப்புப் பயிற்சி என்று.
"யாரை எதிர்த்தும்மா?" என்றார் துளசிராம் சார்.
ஷகிலா கொஞ்சம் யோசித்து,
"நாற்காலியை" என்றாள்.

உண்மையில் நாற்காலியும் இல்லை.
நாங்கள் யாரும் யாரிடமும் சொல்லாத ஒன்று.
கக்கூஸில் உட்கார்ந்தபின்
மணியை அழுத்த வேண்டும்.
முத்துமாரி வருவாள். நல்ல பெண்.
கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவாள்,
வேறெங்கோ பார்த்தபடி.
அந்த வேறெங்கோவைத்தான்
என்னால் தூக்க முடிந்ததில்லை.

அழகர் ஆற்றில் இறங்கிய வாரம்
ரோடெல்லாம் அடைப்பு, ஷகிலா வரவில்லை.
துளசிராம் சார்தான் எண்ணினார்,
அவருக்கு ஒன்பதுக்குப் பிறகு பதினொன்று.
கதவு திறந்து ஒச்சப்பன்.
இரண்டு கையிலும் தண்ணி பாட்டில்,
கழுத்துவரை மணல்.
"கிலோ இருக்கும்" என்றார்.
அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்தோம்.
எழுநூறு.
"கழிவு போக" என்றார், முகம் மாறாமல்.

ஒன்பதாவது வாரம், விடியக்காலம் மூன்றரை.
கை மணிக்குப் போய்விட்டது.
திருப்பி எடுத்துக்கொண்டேன்.
பாதத்தைப் பின்னுக்கு இழு.
மூக்கு முழங்காலைத் தாண்டட்டும்.
முதல் தடவை இல்லை.
இரண்டாவதும் இல்லை, தொடை தீயாக எரிந்தது.
இடையில் கொஞ்ச நேரம்
வாளியில் சொட்டும் தண்ணீரை எண்ணினேன்.
மூன்றாவதில்
அந்த ஒரு முழம் எனக்குக் கீழே இருந்தது.
சுவரில் கை வைத்து நின்றேன்.
சேலையை நானே சரிசெய்தேன், அவசரமில்லாமல்.
நடையில் பாயில் முத்துமாரி,
தலைமாட்டில் மணியின் விளக்கு
எரியாமல்.
அவளைச் சுற்றிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

காலையில் யாரிடமும் சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமை ஷகிலா சிவப்பை நீட்டினாள்,
"இது கெட்டி, பரவாயில்லையா?"
இழுத்தேன்.
கம்பத்தைத் தாண்டி ஏதோ ஊர்போல,
இரைச்சலோடு, மெதுவாக,
வந்தது.